மூன்று ரைற் எண்டும் ஒரு வாறனும்

எங்கள் செலஸ்ரீனாவின் மூத்த மகன் றெஜி ஏழு வருடமாகப் பந்து விளையாடினான். அந்த ஏழு வருடத்தில் அவன் ஒரு பந்தைப் பிடித்ததை ஒருவரும் காணவில்லை. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் தமிழர் யாரிடமாவது றெஜியைத் தெரியுமா என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நல்ல பிள்ளை, பூசை முடிந்தால் நின்று கதிரை அடுக்குவான், வீடு மாறுகிறவர்களுக்கு அலுமாரி தூக்க வருவான் என்பதெல்லாம் பிறகுதான் வரும்.

செலஸ்ரீனா எனக்குத் தங்கை முறை. என் சின்னையாவின் மூன்றாவது மகள். அவளுடைய புருஷன் ஏர்னஸ்ற், மன்னாரில் பேசாலை ஆள். அந்தக் குடும்பத்து ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வார்ப்பு. கழுத்துக் குறைவு, தோள் அகலம், நடை மந்தம். ஏர்னஸ்றின் தகப்பன் அப்படி, தகப்பனின் தம்பிமார் இருவரும் அப்படி, கனடாவில் இருக்கிற அவருடைய தம்பி டினேஷும் அப்படி. றெஜி சின்னப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கியபோதே, இவனும் அந்த வார்ப்புத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் கையில் இருந்த பை அவனைவிடப் பெரிது. அதை ஒருவரிடமும் கொடுக்க மாட்டேன் என்று நின்றான்.

இப்போது அவன் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியைப் பராமரிக்கிறான், சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவான். சிஞ்ஞோராவும் லேசான உடம்பில்லை. காலையில் கட்டிலில் இருந்து கதிரைக்கு, மத்தியானம் கதிரையில் இருந்து பல்கனிக்கு, பிறகு பழையபடி கட்டிலுக்கு. முழங்காலை மடித்து, இடுப்பைத் தாழ்த்தி, அக்குளுக்குள் கையைக் கொடுத்து, மூச்சுப் பிடித்துத் தூக்குவான். சிஞ்ஞோரா அவன் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டு “பியானோ, பியானோ” என்பார். மெதுவாய், மெதுவாய் என்று அர்த்தம். அவனுக்கு வேறு மாதிரித் தூக்கவும் தெரியாது.

பந்து விளையாட்டுக்கு அவன் போனதும் இந்தத் தூக்கலால்தான். வுச்சீரியாச் சந்தையில் சல்வோ என்று ஒருவன் பனெல்லே பொரித்து விற்கிறான். பனெல்லே என்றால் கடலைமாவில் தட்டைத் துண்டாகப் பொரிக்கிற பலகாரம், எங்கள் வாய்க்கும் பிடிக்கும். ஒரு நாள் சல்வோ புதிதாக வாங்கிய குளிர்ப்பெட்டி கடைவாசலில் சிக்கிக்கொண்டு நின்றது. அந்த வழியால் போன றெஜி குனிந்து, இடுப்பைத் தாழ்த்தி, அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்தான். சல்வோ பெட்டியைப் பார்க்கவில்லை, இவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சல்வோவுக்கு மாலையில் இன்னொரு வேலை இருந்தது. அமெரிக்கக் கால்பந்து விளையாடுகிற ஒரு சின்ன அணிக்கு அவன்தான் கோச். அடுத்த வியாழன் றெஜி தலைக்கவசத்தோடு மைதானத்தில் நின்றான்.

இந்த விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திராது. எனக்கும் தெரியாது, பார்த்துப் பார்த்துப் பிடிபட்டதுதான். பெயரில்தான் கால் இருக்கிறது. பந்து இரண்டு முனையும் கூரானது, கையால் எறிந்து கையால் பிடிப்பது. பந்து வைத்திருக்கிற பக்கம் முன்னேற வேண்டும், மற்றப் பக்கம் மறிக்க வேண்டும். எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து தடித்த ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். அவர்கள் தள்ளலாம், எறிகிற பந்தைப் பிடிக்க முடியாது, அது சட்டம். தூரத்தில் மெல்லிய பொடியன்கள் நிற்பார்கள். அவர்கள் ஓடிப் போய்ப் பிடிப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, சுவரோடு ஒட்டினாற்போல் ஒருவன் நிற்பான். அவன் தள்ளவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். சுவரின் கடைசிக் கல்லும் அவன்தான், கதவும் அவன்தான். அவனுக்கு ரைற் எண்ட் என்று பெயர். இறுக்கி ஒட்டி நிற்கிற கடைசி ஆள் என்று பொருளாம்.

இந்தப் பொருள் எங்களுக்கு வந்து சேரப் பல மாதம் எடுத்தது. றெஜியின் கூட்டாளி விதுரனின் தகப்பன் இராசரத்தினம் எல்லா ஆட்டத்துக்கும் வருவார், பக்கத்தில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவார். ரைற் என்றால் வலது, எண்ட் என்றால் ஓரம் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். றெஜி இடப்பக்கம் போய் நிற்கிற நேரமெல்லாம் வேலியோரமாக ஓடிப் போய், “தம்பி றெஜி, உது பிழையான பக்கம்” என்று கூப்பிடுவார். றெஜியும் மரியாதையாகத் தலைக்கவசத்தை ஆட்டுவான். கடைசியில் விதுரன்தான் தகப்பனுக்கு அது வலது இல்லை, இறுக்கம் என்று சொன்னான். “அப்ப இறுக்கம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே,” என்று அவர் மகனுடன் கோபித்துக்கொண்டார்.

ஏழு வருடமும் றெஜி கல்லாகத்தான் நின்றான், கதவாகவில்லை. முதல் வருடம் ஒரே ஒரு தடவை பந்து அவனிடம் வந்தது. சிஞ்ஞோராவைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்தான். பந்து அதை விரும்பவில்லை, நெஞ்சில் பட்டுத் துள்ளி எதிராளியின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு எறிகிற தவிதே அவன் பக்கம் திரும்பவே இல்லை. தவிதே நல்ல பிள்ளைதான், சல்வோவின் மருமகன். ஆனால் ஒருமுறை சூடு கண்டவன்.

செலஸ்ரீனாவுக்கு இது பெரிய குறை. மகன் விளையாடுகிறான் என்று பூசைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிறு ஆட்டம் முழுக்கப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டாள்:

“ஏன் தம்பி, உனக்கு மட்டும் பந்து தர மாட்டாங்களோ? உன்னோடை ஆருக்கும் கோபமோ?”

“அது அப்பிடித்தானம்மா. நான் தள்ளுறனான்.”

“தள்ளுறதெண்டால் வீட்டிலை அலுமாரியைத் தள்ளலாமே. அதுக்கு ஏன் இறுக்கின ரிறவுசர்?”

றெஜி சிரித்தான். ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் போய் இருந்துவிட்டது என்று கிளறா பிறகு எனக்குச் சொன்னாள். கிளறா அவன் மனைவி. என் மனைவியின் தமையன் வழியில் சொந்தம். அவள் வீட்டாரையும் நான் பிறந்ததிலிருந்து அறிவேன். சுற்றுலாக்காரர் தங்குகிற வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறாள், கணக்காகப் பேசுவாள். போன வருடக் கடைசியில் அவள் ஒரு முடிவு சொன்னாள். முழங்கால் போனால் சிஞ்ஞோராவை யார் தூக்குவது, வீட்டை யார் தூக்குவது? இன்னும் ஒரு வருடம், அதோடு சரி. றெஜி மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டான்: அந்த ஒரு வருடத்துக்குள் ஒரு பந்தையாவது, உண்மையான ஆட்டத்தில், பிடித்துவிட்டு நிற்பாட்டுகிறேன்.

“பிடிக்காட்டியும் நிப்பாட்டுவீங்கள்தானே?” என்று கிளறா கேட்டாள்.

“நிப்பாட்டுவன். ஆனால் பிடிச்சிட்டு நிப்பாட்டினால் நல்லாயிருக்கும்.”

அந்த வருடம் பார்த்து அணியில் ஆள் இல்லாமல் போனது. ஓடுகிற பொடியன்கள் எல்லோரும் வேலை தேடி ஓடிவிட்டார்கள். ஒருவன் மிலானுக்கு, இருவர் ஜெர்மனிக்கு, ஒருவன் கப்பலுக்கு. மிஞ்சினது தடித்த ஆட்கள். அதிலும் மூன்று ரைற் எண்ட். றெஜி, கிளறாவின் தம்பி கொட்வின், பிறகு விதுரன். விதுரன் ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மந்தரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை. பழப்பெட்டி தூக்கித் தூக்கி அவன் தோளும் பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

வேறொரு கோச் என்றால் அணியைக் கலைத்திருப்பான். சல்வோ மூவரையும் கடைக்குக் கூப்பிட்டு, எண்ணெய்க் கடதாசியை மேசையில் விரித்து, பலகாரங்களை அடுக்கினான். மெல்லிய பனெல்லேதான் ஓட்டக்காரர். அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். ஓட்டக்காரர் இல்லை. பிறகு ஐந்து ரொட்டித் துண்டை வரிசையாக வைத்தான், அது சுவர். சுவரின் வலது நுனியில் ஒரு கிழங்குருண்டை, அது கொட்வின். இடது நுனியில் ஒன்று, அது றெஜி. றெஜிக்குப் பக்கத்தில் ஒரு எட்டுப் பின்னால் மூன்றாவது, அது விதுரன்.

இதை எதிராளி பார்த்தால் என்ன நினைப்பான்? மூன்று தடியர்கள் சுவரோடு நிற்கிறார்கள், இவர்கள் தள்ளிக்கொண்டுதான் போகப் போகிறார்கள் என்று நினைப்பான். தன்னுடைய தடியர்களையும் கிட்டக் கொண்டுவந்து குவிப்பான். அப்போது அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்கும்? சல்வோ கையால் கடதாசியின் மறுபாதியைத் தடவிக் காட்டினான். வெறும் எண்ணெய்தான் இருந்தது. மூன்று பேரில் ஒருவன் தள்ளுகிற மாதிரிக் குனிந்துவிட்டு, நழுவி அந்த வெறும் இடத்துக்குப் போனால் போதும். யார் போவது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எவனுக்கு முன்னால் நிற்கிறவன் ஏமாந்திருக்கிறானோ அவன் போக வேண்டும். அதைக் கோட்டில் நின்றபடியே மற்றவர்களுக்குச் சொல்லவும் வேண்டும், எதிராளிக்கு விளங்கவும் கூடாது.

“தமிழிலை சொல்லுவம்,” என்றான் கொட்வின்.

அப்படித்தான் அந்த இரண்டு சொல்லும் வந்தன. நான் உள்ளே வந்து சுவரோடு சேர்ந்து தள்ளப் போகிறேன் என்றால் ‘வாறன்’. வெளியே ஓடப் போகிறேன் என்றால் ‘போறன்’. தவிதே போறன் என்ற குரல் வந்த பக்கம் எறிய வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் தவிதே முதல் இரண்டு கிழமையும் பிழையாகவே எறிந்தான். வாறன் என்று சொன்னவனுக்கே பந்து போனது. குனிந்து தள்ளிக்கொண்டிருந்தவன் முதுகில் பட்டது. காரணம் என்னவென்றால், இத்தாலியனில் ‘வா’ என்றால் போகிறான் என்று அர்த்தம். எங்களுக்கு வருவது அவர்களுக்குப் போவது. சல்வோ மருமகனைப் பனெல்லே கடையில் நிறுத்தி வைத்து, வாறன் என்றால் நிற்கிறான், போறன் என்றால் போகிறான் என்று செபம் மாதிரிச் சொல்ல வைத்தான். வாடிக்கையாளருக்கும் அது பாடமாகிவிட்டது.

றெஜியின் கையைப் பழக்கியது விதுரனின் பழங்கள். சியாகுல்லி மந்தரின் பிந்திப் பழுக்கிறது, தோல் மெல்லிசு. கடைக்கு எடுக்காத பழங்களை விதுரன் பையில் கொண்டுவருவான். கிளறா குசினியின் அந்தத் தொங்கலில் நின்று எறிவாள், றெஜி இந்தத் தொங்கலில் நின்று பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பழம் வெடிக்கும், சுவர் எல்லாம் சாறு. பந்தை அணைக்கக் கூடாது, வருகிற பக்கமே கையைக் கொஞ்சம் பின்னால் விட்டு வாங்க வேண்டும் என்பதை அவனுக்குப் பழம்தான் சொல்லிக்கொடுத்தது. முதல் கிழமை அந்த வீட்டில் எல்லோரும் வெடித்த பழத்தில் பிழிந்த சாறுதான் குடித்தார்கள். மூன்றாவது கிழமை சாறு நின்றுவிட்டது.

“பியானோ, பியானோ,” என்று கிளறா சிஞ்ஞோரா மாதிரியே சொல்லிச் சொல்லி எறிவாளாம்.

ஒரு வியாழக்கிழமை செலஸ்ரீனா றோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு பயிற்சி பார்க்க மைதானத்துக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் மாறி மாறிப் போறன், போறன் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் றோல்ஸ் பெட்டியை என் கையில் தந்துவிட்டு நேரே மைதானத்துக்குள் நடந்தாள். விசில் ஊதினார்கள், அவள் நிற்கவில்லை.

“என்னடா இது, மூண்டு ஆம்பிளையளும் நிண்டுகொண்டு போறன் போறன் எண்டுறியள்? போறன் எண்டு ஆரும் சொல்லுவினமே? போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“அம்மா, இது விளையாட்டு.”

“விளையாட்டுக்கும் சொல்லாதை. வாய்க்கு விளையாட்டுத் தெரியாது.”

என்ன பேச்சு என்று சல்வோ கேட்டான். வெளிக்கிடுகிறபோது போகிறேன் என்று சொன்னால் திரும்பி வராமல் போய்விடும், அதனால் போய்விட்டு வருகிறேன், இல்லாவிட்டால் வெறும் வருகிறேன் என்றுதான் சொல்வோம் என்று கொட்வின் விளங்கப்படுத்தினான். சல்வோ உடனே பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பத்தைத் தொட்டான். கெட்ட பேச்சுக்கு அவர்கள் ஊர் மருந்து அது. அவனுக்கும் சொல்லை மாற்றத்தான் விருப்பம். ஆனால் தவிதேக்கு மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்தபோது இரும்பே போதும் என்று விட்டுவிட்டான்.

அந்த வருடம் மூன்று ரைற் எண்டும் நன்றாகத்தான் ஓடியது. கொட்வின் பல பந்துகள் பிடித்தான். விதுரனும் பிடித்தான், பிடித்துவிட்டுத் தகப்பன் எங்கே என்று பார்ப்பான். ஆனால் றெஜியைப் பார்த்தாலே எதிராளிக்குப் பயம், இரண்டு பேரை அவன் முன்னால் நிறுத்துவார்கள். அதனால் அவன் வாய்க்கு வாறன் என்பதே வழக்கமானது. எப்போதாவது போறன் என்று வெளியே போனாலும் தவிதே கையை ஓங்கி, றெஜியைக் கண்டு, பழைய நினைவு வந்து, வேறு பக்கம் எறிந்துவிடுவான். இப்படியே வருடத்தின் கடைசி ஆட்டமும் வந்துவிட்டது. எதிராளி கத்தானியாவில் இருந்து வந்த ஒரு அணி.

அன்றைக்குக் கிளறா எல்லோரையும் கூட்டி வந்திருந்தாள். இது றெஜியின் கடைசி ஆட்டம் என்பதும், அவன் இன்னும் ஒரு பந்து பிடிக்கவில்லை என்பதும் கோயிலில் அறிவித்த மாதிரி எல்லோருக்கும் தெரியும். செலஸ்ரீனா இடப்பக்க மூலையில் வேலியோடு கதிரை போட்டு இருந்தாள். இராசரத்தினம் பக்கத்தில் நின்றார்.

ஆட்டம் தொடங்கியதும் ஏதோ சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. கொட்வின் வெளியே ஓடினால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். விதுரன் ஓடினாலும் அப்படித்தான். எதிராளியின் பின்வரிசையில் நின்ற ஒரு பொடியன் ஒவ்வொரு தடவையும் கையைக் காட்டி ‘றெஸ்தா, றெஸ்தா’ என்று கத்துகிறான். நிற்கிறான், நிற்கிறான் என்று அர்த்தம். அவன் யாரைக் காட்டுகிறானோ அவன் நிற்கத்தான் செய்கிறான். ‘வா, வா’ என்று யாரைக் காட்டினாலும் அவன் போகத்தான் செய்கிறான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் விதுரன் அந்தப் பொடியனை நேருக்கு நேர் இடித்து விழுத்தினான். விழுந்தவன் புல்லில் கிடந்தபடி மெதுவாக “ஐயோ அம்மா” என்றான்.

விதுரன் ஓடி வந்து சல்வோவுக்குச் சொன்னான். சல்வோ இரும்பு தேடினான், ஒன்றும் கிட்ட இல்லை. சரி, சொல்லை மாற்றிப் போடுங்கள், இனி வாறன் என்றால் போவது, போறன் என்றால் நிற்பது என்றான். மாற்றினார்கள். முதல் தடவையிலேயே கொட்வினும் தவிதேயும் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள், இரண்டாவதில் மூவருமே நின்று தள்ளினார்கள், பந்தைப் பிடிக்க ஒருவரும் போகவில்லை. நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. சல்வோ தலையில் கைவைத்துக்கொண்டு, பழையபடியே சொல்லுங்கள், அவனுக்கு விளங்கினால் விளங்கட்டும், நீங்கள் கொஞ்சம் பலமாகத் தள்ளுங்கள் என்றான். தள்ளினார்கள். தள்ளுவதை முன்கூட்டித் தெரிந்துகொண்டும் ஒன்றும் செய்ய முடியாதல்லவா? தள்ளித் தள்ளியே கிட்ட வந்துவிட்டார்கள். ஆனால் கடைசியில் எதிராளி இன்னும் நான்கு புள்ளி முன்னால், இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் இருந்தது. கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி.

எங்கள் மூலையில்தான் அது நடந்தது. மூவரும் கோட்டில் குனிந்தார்கள். அந்தப் பக்கம் கொட்வின் “போறன்” என்றான். பின்வரிசைப் பொடியன் ‘வா, வா’ என்று அவனைக் காட்டினான். விதுரன் “வாறன்” என்றான். பொடியன் ‘றெஸ்தா’ என்றான்.

றெஜிக்கு முன்னால் நின்றவன் உள்ளே பாய்வதற்குப் பாரத்தை மறுகாலுக்கு மாற்றிவிட்டான். அவனுக்குப் பின்னால் புல் வெறுமையாகக் கிடந்தது, சல்வோவின் எண்ணெய்க் கடதாசி மாதிரி. றெஜி போக வேண்டிய நேரம். போறன் என்று சொல்ல வேண்டும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் நேரே எதிரில், வேலிக்கு அப்பால், கதிரையில் தாய் இருக்கிறாள். தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது போறன் என்று சொல்லி அவன் ஒரு நாளும் எங்கும் போனதில்லை. வாய்க்கு விளையாட்டுத் தெரியவில்லை.

“அப்ப வாறன்,” என்றான்.

வேலையில் இருந்து வெளிக்கிடுகிறவன் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். எனக்கே கேட்டது.

‘றெஸ்தா, றெஸ்தா’ என்று பொடியன் கத்தினான். கத்தானியாக்காரர் அத்தனை பேரும் றெஜியை விட்டுவிட்டு கொட்வின் பக்கம் சாய்ந்தார்கள். முன்னால் நின்றவன் உள்ளே பாய்ந்தான். றெஜி குனிந்து அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி வழிவிட்டு, மெதுவான அந்தக் குடும்பத்து ஓட்டத்தில் வெளியே போனான். அவனைச் சுற்றி ஒரு மனிதர் இல்லை.

தவிதே கொட்வினைப் பார்த்தான். கொட்வினுக்கு மேல் மூன்று பேர். தவிதேயை நோக்கி இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள். யோசிக்க நேரமில்லை. அந்த நேரத்தில் பனெல்லே கடைப் பாடமெல்லாம் அவனை விட்டுப் போய்விட்டது. இடப்பக்கத்தில் யாரோ ‘வா’ என்று சொன்னது மட்டும் காதில் இருந்தது. தாய்மொழியில் வா என்றால் போகிறான். போகிறவன் பக்கம் எறிந்தான். எறிந்த பிறகுதான் அது றெஜி என்று கண்டானாம். கண்டதும் கண்ணை மூடிக்கொண்டேன் என்று அவனே பிறகு சொன்னான்.

பந்து சுழன்று வந்தது. றெஜி நெஞ்சைக் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, அது வருகிற பக்கமே கொஞ்சம் பின்னால் விட்டு வாங்கினான். வேலியோரத்தில் கிளறா மட்டும் மூச்சோடு “பியானோ” என்றாள். பழம் நசியவில்லை. பந்தோடு இரண்டு எட்டு வைத்து, கோட்டைக் கடந்து, அவனாகவே கால் தடுக்கி விழுந்தான். விழுத்த ஒருவரும் கிட்ட இல்லை.

எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்துப் பல்கனி எல்லாம் ஆள் வந்து நின்றது. சல்வோ மைதானத்துக்குள் ஓடினான். இராசரத்தினம் என் முதுகில் அடித்து, “இடப்பக்கம் நிண்டு பிடிச்சாலும் ரைற்தான்,” என்றார். செலஸ்ரீனா மட்டும் கதிரையில் முகம் வாடி இருந்தாள். மத்தியஸ்தர் வந்து றெஜியிடம் இருந்து பந்தை வாங்கிக்கொண்டு போனதை அவள் பார்த்துவிட்டாள்.

“ஏழு வருசத்துக்குப் பிறகு ஒருமாதிரிக் கையிலை வந்தது. அதையும் அந்தாள் பறிச்சுக்கொண்டு போறார், இவன் பேசாமல் குடுக்கிறான்,” என்றாள்.

அது அப்படித்தான் மாமி, பிடித்தால் போதும், நாங்கள் வென்றுவிட்டோம் என்று கிளறா அவளைக் கட்டிப் பிடித்துச் சொன்னாள். அப்போதுதான் செலஸ்ரீனா எழும்பினாள். எழும்பியவள் முதலில் றோல்ஸ் பெட்டியைத் திறந்தாள்.

றெஜி வந்து தாய்க்கு முன்னால் நின்றான். முகம் முழுக்கப் புல்.  “கண்டனீங்களோ அம்மா?” என்றான். “கண்டன். நல்லாப் பிடிச்சனி,” என்று சொல்லி அவள் அவன் வாயில் ஒரு றோல்ஸை வைத்தாள்.

அந்த நேரம் கத்தானியாப் பொடியன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வேலியோரம் வந்தான். இருபது வயது இருக்கும். முகத்தை, அந்தக் கூரான நாடியைப் பார்த்ததும் எனக்கு எங்கேயோ இடித்தது.

“அண்ணை, இது நியாயமே?” என்றான் றெஜியிடம். “வாறன் எண்டால் நிக்கிறதெண்டுதானே முழுக்கச் செய்தனீங்கள். கடைசியிலை வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டியள்.”

றெஜி சிரித்தான். செலஸ்ரீனாதான் கேட்டாள்:

“தம்பி, நீ காலமை வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை கொம்மாவுக்கு என்ன சொன்னனி?”

பொடியன் யோசித்தான். பிறகு தலையைக் குனிந்து சிரித்தான். “வாறன் எண்டுதான்.”

“பிறகென்ன? சொல்லிப்போட்டு வீட்டிலையே நிண்டனியோ?”

நான் அவன் பெயரைக் கேட்டேன். தர்சன் என்றான். தாய்? றஜிதா. றஜிதாவின் தாய்? அற்புதமலர். எனக்கு அப்போதுதான் அந்த நாடி எங்கே கண்டது என்று பிடிபட்டது. அற்புதமலர் செலஸ்ரீனாவின் பெரியம்மாவின் மகள். கலியாணம் முடித்து மெசீனாவுக்குப் போனவள். அங்கிருந்து கத்தானியாவுக்குப் போனதாகக் கேள்விதான், பிறகு தொடர்பு விட்டுப் போயிற்று. அப்படியானால் றஜிதா றெஜிக்கு அக்கா முறை. இந்தப் பொடியனுக்கு றெஜி அண்ணன் இல்லை, மாமன்.

நான் இதைச் சொன்னதும் தர்சன் றெஜியைப் பார்த்தான். “மாமாவையே இவ்வளவு நேரமும் காட்டிக் குடுத்தனான்?” என்றான்.

“உன்னை இடிச்சு விழுத்தினது நான், அது சொந்தம் இல்லை,” என்று விதுரன் தூரத்தில் இருந்து சொன்னான்.

தர்சனின் பஸ் காத்துக்கொண்டு நின்றது. செலஸ்ரீனா அவனை விடவில்லை. ஒரு கையில் றோல்ஸைக் கொடுத்து, மறுகையில் தன் போனைக் கொடுத்துத் தாயின் இலக்கத்தைப் பதிய வைத்தாள். அவன் பஸ்ஸில் ஏறும்போது எல்லோரையும் பார்த்து, “போட்டு வாறன்” என்றான். அவன் அணிக்காரர் அவனை ஒருமாதிரிப் பார்த்தார்கள்.

பிறகு மைதானம் மெல்ல வெறுமையானது. றெஜி தலைக்கவசத்தையும் தோள்கட்டையும் பையில் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சல்வோவிடம் வந்தான். சல்வோவுக்கும் தெரியும், இது கடைசி ஆட்டம் என்று. கிளறாவின் முன்னால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. றெஜியின் கழுத்தைக் கட்டி இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து விட்டான். விலகியபோது றெஜிக்குக் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. பழக்கத்தில் தமிழிலேயே சொன்னான்:

“போட்டு வாறன்.”

சல்வோ நிமிர்ந்தான். முதல் சொல் அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாவது விளங்கியது. மருமகனைத் திரும்பிப் பார்த்து, வாறன் என்றால் என்ன என்று கேட்டான். தவிதே உடனே, கடைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, “றெஸ்தா,” என்றான். நிற்கிறான். சல்வோ போய் இரும்புக் கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்தான்.

அது சும்மா வாயில் வருகிற சொல், சல்வோ, எங்கே போனாலும் அப்படித்தான் சொல்வோம் என்று கிளறா இத்தாலியனில் விளங்கப்படுத்தினாள். சொல்லி முடித்துவிட்டு றெஜியைப் பார்த்தாள்.

“சும்மாதானே சொன்னனீங்கள்?”

“ஓம்,” என்றான் றெஜி. பையை மட்டும் மறுதோளுக்கு மாற்றினான்.

மறுநாள் அவர்கள் வீட்டுப் பக்கம் போனேன். றெஜி சிஞ்ஞோராவிடம் போயிருந்தான். கிளறா அவனுடைய விளையாட்டுச் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, நாக்கை வெளியே இழுத்து, பல்கனியில் வெயிலுக்கு வைத்திருந்தாள். யாருக்காவது கொடுக்கப் போகிறாயா என்று கேட்டேன்.

“குடுக்கிறதெண்டால் கழுவாமலே குடுத்திருப்பன், மாமா,” என்றாள்.